ஏர்போர்ட்டுக்கு மிக அருகில் மனை

(ஓசூரில் சிறுதொழில் நடத்துவோர், வங்கி ஊழியர்கள், பொதுமக்கள் கூடிய கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2024 ஜூன் 27-ஆம் தேதி முதலமைச்சர் சட்டப்பேரவையில் 110-ஆவது விதியின்கீழ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகள் வந்துபோகும் அளவுக்கு ஒரு பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்றார். எந்த இடம் என்று அன்று சொல்லவில்லை. சொல்லாததே நம் மனைத் தரகர்களுக்கு வசதியாகப் போயிற்று. தளி சாலையில் ஒரு பலகை, ராயக்கோட்டை சாலையில் ஒன்று, பாகலூர் சாலையில் ஒன்று, சூளகிரிக்குப் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் இன்னொன்று. எல்லாவற்றிலும் 'ஏர்போர்ட்டுக்கு மிக அருகில்' என்றே எழுதியிருந்தது. நாலு திசைக்கும் ஒரே விமான நிலையம் மிக அருகில் இருக்கிற ஊர் உலகத்திலேயே நம்முடையதுதான்.

பலகை வைத்தவர்கள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பெங்களூர் விமான நிலையத்தைக் கட்டிய நிறுவனத்தோடு மத்திய அரசு 2004-இல் போட்ட ஒப்பந்தத்தில், அந்த நிலையம் திறந்து 25 ஆண்டுகள் ஆகும்வரை சுற்றிலும் 150 கிலோமீட்டருக்குள் புதிய விமான நிலையம் வரக்கூடாது என்று ஒரு ஷரத்து இருக்கிறது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. பெங்களூர் நிலையம் திறந்தது 2008 மே மாதம். கூட்டிப் பாருங்கள், 2033 வருகிறது. அறிவிப்புக்குப் பிற்பாடு பேரிகை, பாகலூர்ப் பக்கம் இடம் பார்ப்பதாகச் செய்தி வந்தது. நிலையம் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்தால் முதல் ஆளாக மகிழ்வேன். ஆனால் விமானம் கிளம்புவதற்குள் விலை கிளம்பிவிட்டது. இன்றைக்குப் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

நான் வழக்கறிஞர். நீதிமன்றத்தில் முழங்குகிற வகை கிடையாது. வீட்டுக் கடன் கேட்டு வருகிறவர்களின் பத்திரங்களைப் படித்து, 'இந்தச் சொத்துக்குக் கடன் கொடுக்கலாம், கொடுக்கக்கூடாது' என்று வங்கிக்கு லீகல் ஒப்பீனியன் எழுதித் தருகிறவன். அதனால் ஊர் வளர்ச்சி என்று நீங்கள் எல்லோரும் எதைப் பார்க்கிறீர்களோ, அதை நான் வில்லங்கச் சான்று வழியாகவே பார்த்துப் பழகிவிட்டேன். அப்படிப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது. ஓசூரில் தொழில் வளர்வது வேறு, மனை விலை ஏறுவது வேறு. ஒரு காலத்தில் இரண்டும் சேர்ந்தே நடந்தன. இப்போது பிரிந்துவிட்டன. இது தெரியாமல் பணம் போடுகிறவர்கள்தான் பிறகு என் மேஜைக்கு முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

சேர்ந்து நடந்த காலத்தை முதலில் சொல்கிறேன். இது பழைய சேலம் மாவட்டத்தின் மேட்டுநில மூலை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். கேழ்வரகு, அவரை, கொள்ளு, மத்திகிரியில் வெள்ளைக்காரன் காலத்துக் கால்நடைப் பண்ணை, தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு. வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ, கடைத்தெருவில் தமிழ். எழுபதுகளில் சிப்காட் இங்கே நிலம் எடுத்தபோது, பின்தங்கிய பகுதி என்பதே ஊரின் தகுதி. மானியம் உண்டு, நிலம் மலிவு, நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். 1980-இல் அசோக் லேலண்டு தன் இரண்டாவது ஆலையை இங்கே கொண்டுவந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வெளியே வந்தது. 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின.

டைட்டன் ஆள் எடுத்த விதம் கவனிக்கத்தக்கது. அனுபவம் உள்ள பொறியாளர்கள் பலர் பெங்களூர் எச்.எம்.டி.யிலிருந்து வந்தார்கள். கடிகாரம் கோர்க்கிற வேலைக்கு, சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைத் தேடித் தேடி எடுத்தார்கள். பெரும்பாலும் தர்மபுரி மாவட்டத்துக் கிராமப் பிள்ளைகள். அந்த வயசில் அவர்களைத் தனியே விட முடியாது என்று, வளர்ப்புப் பெற்றோர் போல் பார்த்துக்கொள்ள ஆட்களை அமர்த்தி, ஊருக்குள்ளேயே வீடுகளில் தங்கவைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் நிரந்தரமானார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், பி.எஃப். பணத்திலும் வங்கிக் கடனிலும் அரை கிரவுண்டு வாங்கினார்கள். பாகலூர் ஹட்கோ, ஆவலப்பள்ளி ஹட்கோ, ஏ.எஸ்.டி.சி. ஹட்கோ என்று ஊரின் பாதி விலாசங்களில் ஏன் ஹட்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? ஹட்கோ என்கிற மத்திய அரசு வீட்டுவசதி நிறுவனத்தின் கடனில் கட்டிய குடியிருப்புகள் அவை. தொழிற்சாலை கொடுத்த சம்பளம்தான் மனையை விலைக்கு வாங்கியது. விலை ஏறியதும் அந்தச் சம்பளம் ஏறிய வேகத்தில்தான்.

இங்கே ஓர் இடைச்செருகல். ஓசூரில் போட்ட முதலீடுகளிலேயே சிறந்தது எது என்று என்னைக் கேட்டால், எந்த மனையையும் காட்டமாட்டேன். டைட்டனில் டிட்கோ வைத்திருக்கும் பங்கைக் காட்டுவேன். இன்றும் சுமார் 27.9 விழுக்காடு அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. டாடா குழுமத்தைவிடக் கூடுதல். அரசு நிலத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்தால் நிலத்தின் விலையோடு போயிருக்கும். தொழிலில் பங்கு வைத்ததால் தொழிலோடு வளர்ந்தது. இந்த மாவட்டத்தில் நிலம் கொடுத்த ஒரு விவசாயிக்காவது அப்படிப் பங்கு கிடைத்ததா என்றால், நான் படித்த பத்திரங்களில் இல்லை.

சரி, இப்போதைய நிலைமைக்கு வருவோம். தேன்கனிக்கோட்டை வட்டத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோன் பாகங்கள் செய்கிறது. போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் ஓலா. நம் ஊரிலேயே ஏத்தர். இவை எல்லாம் உண்மையான ஆலைகள், உண்மையான வேலைகள். 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஓசூர் அருகே வரும் ஐபோன் ஆலையில் 60,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்றும், முதலில் ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் 6,000 பேர் வருவார்கள் என்றும் சொன்னார். அந்தச் செய்தி வந்த வாரத்தில் ஒரு தரகர் என்னிடம் வந்து, "அறுபதாயிரம் பேரு சார், ஆளுக்கு ஒரு சைட்டுன்னு வச்சாக்கூட அறுபதாயிரம் சைட்டு!" என்றார். கணக்கு அவருக்கு அவ்வளவு சுலபம்.

அந்த அறுபதாயிரத்தில் ஒருவராகத் தன்னை வைத்துக்கொண்டு அவர் யோசித்திருக்க வேண்டும். இருபது வயசுப் பெண். ஊர் ஜார்கண்டிலோ, ஒடிசாவிலோ, நம் திருவண்ணாமலையிலோ. தங்குவது ஆலை ஏற்பாடு செய்த விடுதியில், ஓர் அறையில் பலரோடு. ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ், இறங்கினால் விடுதி வாசல். ராயக்கோட்டை சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். வரிசையாகப் பத்து, பதினைந்து பஸ், எல்லா ஜன்னலிலும் தூங்கி வழியும் முகங்கள், கழுத்தில் அடையாள அட்டை. அதில் ஒரு பஸ்கூட நம் கடைத்தெருவில் நிற்பதில்லை. சம்பளத்தில் சாப்பாடு, போன் ரீசார்ஜ் போக மீதி ஊருக்குப் போகிறது. இரண்டு மூன்று வருஷத்தில் அவளும் போய்விடுவாள். நிரந்தரம் இல்லை, பயிற்சியாளர் அல்லது ஒப்பந்தம். வங்கியில் நாங்கள் முதலில் கேட்பதே சம்பளச் சீட்டும் பணி நிரந்தரமும்தான். முப்பது லட்சம் கடன், 9 விழுக்காடு வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 27,000 ரூபாய். அசெம்ப்ளி லைனில் தொடக்கச் சம்பளம் எவ்வளவு என்று இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆக, தொழிற்சாலைக்கு வந்தவர் மனை வாங்கவில்லை. பின் யார் வாங்குகிறார்கள்? என் கோப்புகளைப் பார்த்தால் பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கிறவர், சென்னையில் ஓய்வுபெற்றவர், துபாயில் இருக்கிறவர், ஏற்கெனவே இரண்டு மனை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர். இவர்களில் குடியேற வருகிறவர் கொஞ்சம். மற்றவர்கள் 'வாங்கிப் போடுகிறவர்கள்'. பாகலூர் சாலையில் உள்ளே போனால் தெரியும். கல் நட்டு, தார் போட்டு, வளைவு கட்டி, அதில் மலர் பெயரோ கடவுள் பெயரோ எழுதி, உள்ளே நூறு மனையில் நாலு வீடு. மீதி இடத்தில் பார்த்தீனியம். எட்டு வருஷமாக அப்படியே இருக்கிற லேஅவுட்டுகள் உண்டு. ஊருக்குள்ளே ஒரு சின்னக் குடும்பம் இரண்டு அறை வீடு வாடகைக்குத் தேடி அலைகிறது. வீடு இல்லாத ஊர் என்றும் சொல்லலாம், மனை நிரம்பிய ஊர் என்றும் சொல்லலாம்.

எத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறோம் என்பதே யாருக்கும் சரியாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பில் ஓசூர் நகராட்சியின் மக்கள்தொகை 1,16,821. 2019-இல் மாநகராட்சி ஆயிற்று. அதற்குப் பிறகு வரவேண்டிய 2021 கணக்கெடுப்பு தள்ளித் தள்ளிப் போய்விட்டது. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர்களைப் பள்ளிக்கூடம், தண்ணீர், ரேஷன் எதற்கும் எண்ணிக்கையில் சேர்க்காமலே ஒரு நகரத்தைத் திட்டமிடுகிறோம்.

இனி ஒரு சின்னக் கணக்கு. பேனா வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளலாம். சதுர அடி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு 1,200 சதுர அடி வாங்குகிறீர்கள். 36 லட்சம். முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு. அதுவே மூன்றே கால் லட்சம். ஆக மொத்தம் 39 லட்சத்து 24 ஆயிரம். இதே பணத்தை 7 விழுக்காடு வட்டிக்கு வைப்பாகப் போட்டிருந்தால் பத்து வருஷத்தில் சுமார் 77 லட்சம். வருமான வரியை இரண்டு பக்கமும் விட்டுவிடுவோம். அப்படியானால் பத்தாவது வருஷம் உங்கள் மனை சதுர அடி 6,400 ரூபாய்க்கு மேல் போனால்தான் வட்டிக்கு வட்டி கட்டும். அதுவும் யாராவது வாங்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் குடியிருக்க வருகிறவரா, அவரும் அடுத்த ஏமாளியைத் தேடுகிறவரா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் விலை இரட்டிப்பாகும் என்று சொல்வது ஆரூடம். அந்தப் பத்து வருஷத்தில் மனை ஒரு ரூபாய் வாடகை தராது. கல்லைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்களா என்று வருஷம் இரண்டு தடவை போய்ப் பார்க்க வேண்டிய செலவு வேறு.

இதில் அடிபடுகிறவர் இன்னொருவர் இருக்கிறார். சிறுதொழில்காரர். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இரண்டு சி.என்.சி., ஒரு வி.எம்.சி. எந்திரம் வைத்துப் பெரிய ஆலைக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்கள்தான் இந்த ஊரின் முதுகெலும்பு. 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே முதலை இழந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அடமானச் சொத்து ஏலத்துக்கு வந்தபோது அந்தக் கோப்புகளும் என்னிடம்தான் வந்தன. அதைத் தாண்டி நின்றவர், இன்றைக்கு ஆர்டர் இருந்தும் ஷெட்டைப் பெரிதாக்க முடியவில்லை என்கிறார். பக்கத்து அரை ஏக்கருக்கு விலை கேட்டால், அந்த நிலத்துக்காரர் விமான நிலையத்தையும் மெட்ரோவையும் சேர்த்து விலை சொல்கிறார். தறி ஓடினாலும் லேத் ஓடினாலும் வருகிற லாபத்தில் அந்த விலைக்கு வட்டிகூடக் கட்டாது. இல்லாத விமானத்துக்குச் சேர்த்து வாடகை கொடுக்கிற லேத் பட்டறையை வைத்துக்கொண்டு எந்த ஊரும் தொழில் நகரமாக நீடிக்க முடியாது. என்னைக் கேட்டால் ஓசூருக்கு இன்றைய முதல் ஆபத்து இதுதான்.

மெட்ரோ என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூர் வரை சுமார் 23 கிலோமீட்டர். ஆய்வு நடந்தது. சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? மின்சாரத்தில். அவர்கள் ரயில் 750 வோல்ட் நேர் மின்சாரத்தில், தண்டவாளத்துக்குப் பக்கத்து மூன்றாவது கம்பியிலிருந்து ஓடுகிறது. நம் பக்கம் திட்டமிட்டது 25,000 வோல்ட் மாறு மின்சாரம், மேல்கம்பி. அவர்களிடம் இருக்கிற வண்டி இரண்டிலும் ஓடாது. இது தீரலாம், தீராமலும் போகலாம். மனை விளம்பரத்தில் மட்டும் ரயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. 'எலக்ட்ரானிக் சிட்டிக்கு இருபதே நிமிஷம்' என்று எழுதுகிறவர் அத்திப்பள்ளியைக் காலை ஒன்பது மணிக்குக் கடந்ததே இல்லை போலிருக்கிறது.

பத்திரங்களுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாகவே பேச வேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் நிலத்துக்கு ஒரு தனிக் கோளாறு இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு கோப்பைச் சொல்கிறேன், பெயர்கள் வேண்டாம். மூன்று ஏக்கர் புஞ்சை. பூர்வீகச் சொத்து. நான்கு அண்ணன் தம்பிகள் சேர்ந்து 2007-இல் விற்றிருக்கிறார்கள். இரண்டு பேர் தெலுங்கில் கையெழுத்து, ஒருவர் தமிழில், ஒருவர் கைநாட்டு. வாங்கியவர் பவர் எழுதிக் கொடுத்தார், பவர் வாங்கியவர் மனை பிரித்தார், மனைகள் கைமாறின. பட்டா இருக்கிறது, வில்லங்கம் சுத்தம், டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்கிறது. கடன் கேட்டு வந்தவர் இளைஞர், ஆலையில் மேற்பார்வையாளர், நிறைமாதமான மனைவியோடு வந்திருந்தார். எல்லாக் காகிதமும் வரிசையாகப் பிளாஸ்டிக் உறையில். நான் வாரிசுச் சான்று கேட்டேன். அதில் அண்ணன் தம்பிகளோடு இரண்டு சகோதரிகள்.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவருக்கு இல்லை என்று வைத்திருந்தார்கள். 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்த வேறுபாடும் போயிற்று. 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், இது பிறப்பிலேயே வரும் உரிமை, அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று தீர்த்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி நடந்த பாகப்பிரிவினையும் விற்பனையும் மட்டும் தப்பும். இந்த விற்பனை 2007. சகோதரிகள் இருவரும் கையெழுத்துப் போடவில்லை. ஒருவர் கோலாரில், ஒருவர் தளிப் பக்கம். 'அண்ணன்தானே, என்ன கெட்டுவிடப் போகிறது' என்று அன்று விட்டிருப்பார்கள். அன்றைக்கு ஏக்கர் விலை அப்படி. இன்றைக்கு அவர்களின் பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கிறார்கள். விலை ஏறஏறப் பழைய பத்திரத்தில் விடுபட்ட கையெழுத்துகளுக்கும் விலை ஏறும். விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கி வாருங்கள் என்று கடன் கேட்டு வந்த அந்த இளைஞரிடம் சொன்னேன். விற்றவர் போனை எடுப்பதில்லை என்றார்.

அங்கீகாரம் இருக்கிறதே என்று பலரும் கேட்பார்கள். மனைப்பிரிவு அங்கீகாரம் சாலை அகலத்துக்கும் பூங்கா இடத்துக்கும் சாட்சி. உரிமைக்குச் சாட்சி இல்லை. ரெரா பதிவும் அப்படித்தான். கட்டுநர் வாங்கிய பணத்தை என்ன செய்கிறார் என்று அது பார்க்கும், அவருடைய மூலப் பத்திரத்தில் யார் விடுபட்டார்கள் என்று பார்க்காது. அங்கீகாரமே இல்லாத மனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவை நிறுத்தியதும், அந்த அக்டோபர் 20-க்கு முந்தியவற்றை மட்டும் வரன்முறைப்படுத்த அரசு வழி செய்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பஞ்சமி நிலம், ஏரி உள்வாய், வண்டிப்பாதை இவை மூன்றையும் வி.ஏ.ஓ.விடம் 'ஏ' பதிவேட்டில் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். சானமாவு காட்டை ஒட்டி 'ஃபாரஸ்ட் வியூ' என்று மனை போட்டிருக்கிறார்கள். ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் வருகிற பாதை அந்தப் பக்கம்தான். வியூ கிடைக்கும்.

அடுத்து, நிலம் கொடுக்கிறவர்கள். உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பக்கம் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் உட்கார்ந்தார்களே, அதைப் பற்றி நகரத்தில் பேசும்போது 'வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறார்கள்' என்பார்கள். இழப்பீட்டைக் கணக்கிடும் முறையைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழிகாட்டி மதிப்பு அல்லது பக்கத்தில் மூன்று வருஷத்தில் பதிவான பத்திரங்களில் மேல்பாதியின் சராசரி, இதில் எது அதிகமோ அதை எடுத்துக்கொண்டு, கிராமமானால் ஒரு பெருக்கலும் அதற்குச் சமமான ஆறுதல் தொகையும் சேர்ப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பத்திரத்தில் உண்மை விலையை எழுதுகிறவர் யார்? வாங்குகிறவருக்கு முத்திரைத் தீர்வை மிச்சம், விற்கிறவருக்கு வரி மிச்சம், ரொக்கம் தனியாகக் கைமாறும். நகரத்துக்காரர் இருவர் தங்களுக்குள் குறைத்து எழுதிய பத்திரம், ரோஜாவும் தக்காளியும் போட்டுக்கொண்டிருந்த மூன்றாமவரின் இழப்பீட்டைக் குறைத்துவிடுகிறது. ஒரு பெரியவர் என்னிடம், "வக்கீல் சார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோடிங்கறாங்க, இந்தப் பக்கம் எனக்கு லட்சம்ங்கறாங்க. மண்ணு ஒண்ணுதானே?" என்று கேட்டார். சட்டப் பிரிவைத்தான் என்னால் சொல்ல முடிந்தது.

தண்ணீரைப் பற்றி இரண்டு நிமிஷம். தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவை வாங்கிக்கொண்டு நம் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகைத் திறக்கிற நாளில் நுரை பனிமலை மாதிரி எழுவதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதனால் குடிநீருக்கு 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் திட்டத்தைத்தான் நம்புகிறோம். காவிரியைப் பள்ளத்திலிருந்து இந்த மேட்டுக்கு ஏற்றி வருகிற தண்ணீர். மாநகராட்சிக் குழாய் போகாத லேஅவுட்டில் மனை வாங்கினால், வீடு கட்டும்போது முதல் செலவு ஆழ்துளைக் கிணறு. எத்தனை அடியில் தண்ணீர் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள். பக்கத்து வீடே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

கூட்டம் தொடங்கும் முன் துண்டுச் சீட்டில் கேள்விகள் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் ஒரே கேள்வி: 'ஓசூரில் இப்போது முதலீடு செய்யலாமா?' குடியிருக்க வீடு வேண்டுமென்றால் விலை குறையும் என்று காத்திருக்காதீர்கள். குழாய் இணைப்பும் சாக்கடையும் உள்ள பழைய பகுதியில், சின்னதானாலும் கட்டிய வீடாகப் பாருங்கள். வருமானத்துக்கென்றால் இருக்கிற வீட்டின் மேல் அனுமதி வாங்கி ஒரு மாடி எழுப்பி, குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுங்கள். ஆலையில் ஐந்தாறு வருஷம் நின்று கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகளுக்கு விடுதியில் இடமில்லை, வாங்கவும் வசதி இல்லை. இந்த ஊரில் வீடு கேட்டு நிற்பவர்கள் அவர்கள்தான். பெண்கள் விடுதி நடத்தப் போகிறவர்கள் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் எடுத்துவிட்டு நடத்துங்கள், பிறகு ஓடி வராதீர்கள். வாங்கிப் போட்டுவிட்டு ஐந்து வருஷத்தில் இரட்டிப்பாக்க வேண்டும் என்கிறவருக்கு என்னிடம் யோசனை இல்லை. அவருக்குத் தரகர் போதும்.

கையில் பத்திரத்தோடு வந்திருப்பவர்கள் இருப்பதாகச் சொன்னார்கள். கீழே இறங்கி உட்கார்ந்து பார்க்கிறேன். நகல் மட்டும் கொடுங்கள், அசலைக் கூட்டத்தில் வெளியே எடுக்க வேண்டாம். வாரிசுச் சான்று வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள்.